பெருமுரசு சிறுத்த வரலாறு

மேலைநாட்டு முறையில் அமைந்த இசைக்குழுவொன்று நிகழ்ச்சியை முடித்து மேடையை விட்டு இறங்கும் வேளையைப் பார்த்திருப்போர் ஒன்றை அவதானித்திருப்பர். எக்காளம் வாசித்தவர் தம் கருவியைப் பெட்டியில் வைத்து மூடி இரண்டு நிமிடத்தில் வாசலைக் கடந்துவிடுவார். பாடியவருக்கு அவ்வளவு சுமையும் இல்லை. டிரம் வாசித்தவரோ மேடையிலே முழந்தாளிட்டுத் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருப்பார். மண்டபத்து விளக்குகள் அணையும்வரை அவருக்கு வேலை இருக்கும். அதன் பின்னர் நாலைந்து பெரும் பொதிகளை ஒவ்வொன்றாகப் படியிறக்கி வண்டியில் ஏற்றவேண்டும். வண்டி வாடகைக்குப் பிடித்ததாயின் அன்றிரவு பெற்ற ஊதியத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். ஆண்டுக்கணக்காக இவ்வாறு செய்துவரும் ஒருவருக்கு நடுவயது வருமுன்னே முதுகு நோவத் தொடங்குமாயின், அது வாசித்ததனால் வந்த நோவன்று, சுமந்ததனால் வந்தது.

தவில் வித்துவானுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவருடைய கருவிக்கு ஓர் உடல், இரண்டு முகம். வாரைத் தோளில் மாட்டினால் வீதியுலாவிலும் வாசித்துக்கொண்டே நடக்கலாம். டிரம் தொகுதி என்பதோ ஒரு கருவியன்று. தனித்தனியே பிறந்து, பின்னர் ஒரு மனிதரைச் சுற்றிக் குடிவந்த பல கருவிகளின் கூட்டம். காலால் அடிக்கப்படும் பாஸ் டிரம் என்னும் பெருமுரசு ஒன்று. அடித்தோலின் குறுக்கே உலோகக் கம்பிச்சுருள்கள் கிடந்து சரசரவென ஒலிக்கும் ஸ்னெயர் டிரம் ஒன்று. டொம் டொம் எனப்படும் நடுத்தர முரசுகள் இரண்டு அல்லது மூன்று. சிம்பல் எனப்படும் வெண்கலத் தட்டுகள் இரண்டு. காலை அழுத்தும்போது ஒன்றோடொன்று மோதும் ஹைஹற் என்னும் இணைத்தட்டு ஒன்று. இவற்றைத் தூக்கி நிறுத்த இரும்புத் தாங்கிகளும், வாசிப்பவர் அமர ஓர் ஆசனமும் வேண்டும். இக்கூட்டத்தை ஒருவர் தனியே எடுத்துச் செல்லத்தக்க அளவிற்குச் சுருக்குவது எங்ஙனம் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட விடயம். அதற்கு விடை காணப் புகுமுன், இக்கூட்டம் கூடிய வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது நலம். ஏனெனில் டிரம் தொகுதியே சிக்கனத்தின் பொருட்டுப் பிறந்த ஒன்றாகும்.

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்து வீதிகளில் 19ஆம் நூற்றாண்டிற் சென்ற ஊர்வல வாத்தியக் குழுக்களிலே, பெருமுரசை ஒருவரும் ஸ்னெயர் டிரம்மை மற்றொருவரும் வாசித்தனர். வீதியில் நடப்பதற்கு இடப்பஞ்சம் இல்லை. நடன மண்டபத்திலும், நாடகக் கொட்டகையின் மேடைக்கு முன்னுள்ள பள்ளத்திலும் அவ்வளவு இடமும் இல்லை. இருவருக்குக் கூலி கொடுக்க முதலாளிமாருக்கு மனமும் இல்லை. ஆகவே ஒருவரே இரண்டையும் வாசிக்கும் வழக்கம் எழுந்தது. ஸ்னெயர் டிரம்மை ஒரு நாற்காலியிற் சாய்த்து, பெருமுரசைப் பக்கத்தில் நிறுத்தி, கையிலுள்ள குச்சிகளால் இதையும் அதையும் மாறிமாறி அடித்தனர். விரைவான நடனங்களுக்கு இம்முறை ஈடுகொடுக்கவில்லை. டீ டீ சாண்ட்லர் என்னும் நியூ ஓர்லியன்ஸ் கலைஞர் 1890களில் மரத்தாலான கால்மிதியொன்றைத் தாமே அமைத்து வாசித்தார் என ஜாஸ் இசை வரலாறு எழுதியோர் கூறுவர். பின்னர் சிக்காகோ நகரில் வில்லியம் லுட்விக் என்பவர், விரைந்து இயங்கும் கால்மிதியொன்றை அமைத்து, 1909ஆம் ஆண்டில் தம் சகோதரர் தியோபோல்டுடன் சேர்ந்து விற்கத் தொடங்கினார். லுட்விக் என்னும் புகழ்பெற்ற டிரம் நிறுவனம் அச்சிறு மிதியிலிருந்து வளர்ந்ததேயாகும்.

மிதி வந்தது; ஓர் ஆள் குறைந்தார். ஆயினும் சுமை குறையவில்லை. முன்பு இருவர் பகிர்ந்து சுமந்ததை இப்பொழுது ஒருவரே சுமக்கலானார்.

அடுத்து வந்த ஊமைப்படக் காலம் அச்சுமையை மேலும் பெருக்கிற்று. திரையிலே குதிரை ஓடினால் குளம்பொலி, புகைவண்டி வந்தால் ஊதல், யாரேனும் இடறி விழுந்தால் மணியோசை என்று, எல்லா ஒலிகளையும் டிரம் கலைஞரே எழுப்ப வேண்டியிருந்தது. மரக்கட்டைகள், மணிகள், சீன முரசுகள் யாவும் பெருமுரசின் மேலும் பக்கங்களிலும் தொங்கின. 1927இல் பேசும்படம் வந்ததும் கொட்டகைகளில் அவ்வேலை அற்றுப்போயிற்று. தொங்கிய பொருள்களுட் பலவும் உதிர்ந்துபோயின. ஆனால் பெருமுரசு சிறுக்கவில்லை. 1930களின் பெரிய நடன வாத்தியக் குழுக்களிற் பதினைந்து பேர்வரை இருந்தனர். அவர்களுடைய எக்காளங்களை மேவி ஒலிப்பதற்கு 26 அங்குலம், 28 அங்குலம் விட்டமுள்ள முரசு வேண்டியிருந்தது. 1938ஆம் ஆண்டில் நியூயோர்க் கார்ணகி மண்டபத்தில் பென்னி குட்மனின் குழு நிகழ்த்திய பேர்பெற்ற கச்சேரியில் ஜீன் குறூப்பா வாசித்தது அத்தகைய பெரிய தொகுதியே. அவ்வாறான குழுக்கள் பேருந்தில் யாத்திரை செய்தன. பொதி தூக்கவும் ஆட்கள் இருந்தனர்.

பெருமுரசு சிறுக்கத் தொடங்கியது இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னராகும். யுத்தகாலத்தில் அமெரிக்க அரசாங்கம் இசைக்கருவிகளில் உலோகத்தின் பங்கு நிறையில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாது என விதித்தது. தோலை இறுக்கும் பிடிகளைக்கூட மரத்தாற் செய்யவேண்டியதாயிற்று. அது தற்காலிகத் தொல்லை. நிலையான மாற்றத்தை உண்டாக்கியது வேறொன்று. 1944இல் நடனமும் பாட்டும் உள்ள கேளிக்கையிடங்கள்மீது அமெரிக்க அரசாங்கம் விதித்த வரி முதலில் நூற்றுக்கு முப்பதாகவும், அவ்வாண்டிலேயே குறைக்கப்பட்டு இருபதாகவும் இருந்தது. பெரிய குழுவை அமர்த்தி நடனம் நடத்துவது கட்டுப்படியாகாமற் போனதற்கு இவ்வரியும் ஒரு காரணம். நால்வரோ ஐவரோ வாசிக்க, மக்கள் இருந்து கேட்கும் சிறு விடுதிகள் அவ்விடத்தைப் பிடித்தன. நியூயோர்க்கில் 1935 முதல் நடந்துவரும் வில்லேஜ் வான்கார்ட் என்னும் விடுதி, படியிறங்கிச் செல்லும் ஒரு நிலவறை. அங்கே 123 பேர் இருக்கலாம். அத்தகைய இடத்திற்கு 26 அங்குல முரசைக் கொண்டுசெல்வதும் கடினம். கொண்டுசென்று அடித்தால் கேட்போர் செவிக்கும் துன்பம்.

இசையும் அதற்கேற்ப மாறியது. கென்னி கிளார்க் முதலிய புதிய ஜாஸ் கலைஞர்கள், பெருமுரசை ஒவ்வொரு மாத்திரைக்கும் மிதிக்கும் பழைய வழக்கத்தை விட்டனர். தாளத்தைத் தட்டிலே ஓடவிட்டு, பெருமுரசை இடையிடையே அழுத்தம் கொடுப்பதற்கு மாத்திரம் பயன்படுத்தினர். ஓயாமல் ஒலித்த முரசு எப்போதாவது பேசும் முரசாயிற்று. அதற்கு ஆழம் வேண்டியதில்லை, தெளிவு போதும். ஆகவே முரசின் விட்டம் 20 அங்குலமாகவும், பின்னர் 18 அங்குலமாகவும் குறைந்தபொழுது கேட்போர் இழப்பை உணரவில்லை. 1963இல் பதினேழு வயதில் மைல்ஸ் டேவிஸின் குழுவிற் சேர்ந்த ரொனி வில்லியம்ஸ் வாசித்தது, கிரெட்ஸ் நிறுவனத்தின் 18 அங்குல முரசுடன் கூடிய தொகுதியாகும். இன்றும் ஜாஸ் கலைஞர்க்கு அதுவே முன்மாதிரி. 18 அங்குல முரசை ஒரு சாதாரண மோட்டார் வண்டியின் பின்னிருக்கையில் வைத்துவிடலாம் என்பது அவர்களுக்குக் கிடைத்த உபரி நன்மை. சுமையின் பொருட்டு இசை மாறியதா, இசை மாறியதனாற் சுமை குறைந்ததா என்று வாதிடுவோர் உளர். இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

அவ்வாறாயின் எந்தக் குழுவிற்கும் முரசைச் சிறிதாக்கிவிட்டால் முடிந்ததன்றோ என வினவலாம். அங்கேதான் இயற்கைவிதி குறுக்கே நிற்கின்றது. ஒரு தோற்கருவியின் சுருதியைத் தீர்மானிப்பன முகத்தின் விட்டம், தோலின் இழுவிசை, தோலின் பாரம் ஆகிய மூன்றுமாகும். மற்றவை மாறாதிருக்க விட்டம் குறைந்தால் சுருதி அதே விகிதத்தில் ஏறும். 22 அங்குல முரசின் தோலை அதே இழுவிசையோடு 16 அங்குல முரசிற் கட்டினால், அதிர்வெண் மூன்றில் ஒரு பங்கிற்கும் சற்று அதிகமாக உயர்ந்துவிடும். அதனைப் பழைய நிலைக்கு இறக்க வேண்டின் இழுவிசையை ஏறக்குறையப் பாதியாகத் தளர்த்தவேண்டும். தளர்ந்த தோலில் அடிகோல் துள்ளி மீளாது. காலுக்கு வேலை கூடும். ஆதலால் தோலைத் தளர்த்துவதோடு அதன் பாரத்தையும் கூட்டுகின்றனர். ஒற்றைப் படலத்திற்குப் பதிலாக இரட்டைப் படலமுள்ள தோலைக் கட்டுவது வழக்கம். மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பியதும் ஒலி தாழ்கின்றதன்றோ? இரண்டிற்கும் விதி ஒன்றே.

சுருதியை இவ்வாறு மீட்டுக்கொள்ளலாம். ஒலியின் கனத்தை முற்றாக மீட்க இயலாது. 16 அங்குல முகத்தின் பரப்பு 22 அங்குல முகத்தின் பரப்பிற் பாதியளவே. அது தள்ளும் காற்றும் அதற்கேற்பக் குறையும். தாழ்ந்த ஒலியலைகளோ மிக நீண்டவை. ஒரு செக்கனுக்கு 60 தடவை அதிரும் ஒலியின் அலைநீளம் ஐந்தரை மீற்றருக்கும் மேற்பட்டது. அத்துணை நீண்ட அலையைச் சிறிய முகம் திறமையாக எழுப்பிவிடாது. சிறிய அறையிலே சுவர்கள் துணைசெய்வதனால் இக்குறை தெரிவதில்லை. திறந்தவெளியில் உடனே தெரியும். அங்கே ஒலிவாங்கியொன்றைப் பெருமுரசின் முன் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஒலிபெருக்கியின் கதையில் பீற்றில்ஸ் குழுவினருக்கும் ஓர் இடமுண்டு. 1964 பெப்ரவரி 9ஆம் திகதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் 7 கோடியே 30 இலட்சம் பேர் கண்ட எட் சலிவன் நிகழ்ச்சியில், றிங்கோ ஸ்ரார் வாசித்தது 20 அங்குல முரசுடைய சிறிய லுட்விக் தொகுதி. அதே ஆண்டில் அவர் 22 அங்குலத்திற்கு மாறினார். மறு ஆண்டு நியூயோர்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,000க்கு மேற்பட்டோர் கூடியபோது, அந்த 22 அங்குலமும் இரசிகர்களின் கூச்சலில் அமிழ்ந்துபோயிற்று. விசாலமான வெளிகளில் முரசின் அளவு உதவாது என்பதும், ஒலிவாங்கியே உதவும் என்பதும் அதன்பின் தெளிவாயின. ஒலிவாங்கி நிலைபெற்ற பின்னர், பெரிய முரசைச் சுமந்து செல்வதற்கான பழைய நியாயம் பெரும்பாலும் தளர்ந்துவிட்டது எனலாம். எனினும் 1970களின் றொக் குழுவினர் எட்டுப் பத்து முரசுகளை மேடையில் அடுக்கத் தவறவில்லை. அது செவிக்காகச் செய்யப்பட்டதா கண்ணுக்காகச் செய்யப்பட்டதா என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்க.

இனி, தொகுதியைச் சுருக்க விரும்பும் கலைஞர் எங்கே தொடங்கவேண்டும் என்பதைப் பார்ப்போம். பெரும்பாலோர் முதலிற் கைவைப்பது முரசில். ஆனால் பாரம் இருப்பது முரசிலன்று, இரும்பில். முரசு என்பது மெல்லிய மரக்கூடும் காற்றுமே. இடத்தை அடைப்பது முரசு, தோளை அழுத்துவது தாங்கிகள். தடித்த இரட்டைக் கால்களும் நீண்ட கையும் உள்ள தற்காலத் தட்டுத் தாங்கியொன்று பெரும்பாலும் நான்கு கிலோவை நெருங்கும். அத்தகைய நான்கையும் ஒரே பையிலிட்டால், பொதிகளுள் மிகப் பாரமானது அதுவாகவே இருக்கும். 1950களில் செய்யப்பட்ட தாங்கிகளோ ஒற்றைக் கால்களுடன் தரையோடு படிந்து நிற்பன. நிறை அதிற் பாதியே. கனத்த தாங்கிகள் பிற்காலத்தில் வந்தமைக்குக் காரணம், ஓங்கி அடிக்கும் றொக் கலைஞர்களின் கையாகும். மெல்ல வாசிக்கும் ஒருவர் அவற்றைச் சுமப்பது, ஒருபோதும் வராத புயலுக்காக வீட்டுக்கூரையில் நாள்தோறும் கல்லேற்றுவதை ஒக்கும். தட்டைக்கால் தாங்கிகளை இன்று பல நிறுவனங்கள் மீண்டும் செய்கின்றன. அலுமினியத்தாற் செய்யப்பட்டவையும் கிடைக்கின்றன. ஒரு தொகுதியில் தாங்கிகளை மாத்திரம் மாற்றினாலே, ஒலியில் எவ்வித இழப்புமின்றிப் பல கிலோ குறைந்துவிடும். முதற்செலவு இதற்கே ஆகவேண்டும்.

தாங்கிகளின் தொகையையும் குறைக்கலாம். பழைய தொகுதிகளிலே ஒரு தட்டும் ஒரு டொம் டொமும் பெருமுரசின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருந்தன. தரையில் நின்ற தாங்கிகள் மூன்றே. இம்முறைக்கும் ஒரு தீங்கு உண்டு. பாரம் ஏறிய முரசு தாராளமாக அதிராது. முரசு மிகச் சிறியதாயின் ஒருபக்கம் சாய்ந்தும்விடும். அப்போது டொம் டொமை ஒரு ஸ்னெயர் தாங்கியின் மேல் வைத்துக்கொள்வது உத்தமம். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, டொம் டொம் இரண்டும் வேண்டுமா என்று கலைஞர் தம்மையே வினவிக்கொள்ளவேண்டும். ஓர் இரவு முழுவதும் நான்கைந்து தடவை மாத்திரம் தட்டப்படும் முரசொன்று, வீட்டிலேயே இருந்து இளைப்பாறலாம்.

தாங்கியும் தொகையும் குறைந்த பின்னரே பெருமுரசைக் குறைக்கும் பேச்சு எழவேண்டும். 22 அங்குல விட்டமும் 16 அங்குல ஆழமும் உள்ள முரசின் கொள்ளளவு ஏறத்தாழ 100 லீற்றர். 18க்கு 14 ஆயின் 58 லீற்றர். 16க்கு 14 ஆயின் 46 லீற்றர். நான்கு அங்குலம் குறைத்தாற் கிடைக்கும் இடவசதி கண்ணுக்குத் தோன்றுவதிலும் மிகப் பெரிது என்பதை இக்கணக்குக் காட்டும். விமானத்திற் செல்வோர்க்கு இது மேலும் முக்கியம். பல விமானக் கம்பனிகள் ஒரு பொதியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 62 அங்குலத்திற்கும், நிறையில் 23 கிலோவிற்கும் மேற்பட்டால் மேலதிகக் கட்டணம் அறவிடுகின்றன. 22 அங்குல முரசு பெட்டியின்றியே 60 அங்குலம் ஆகிவிடும்; பெட்டியிலிட்டால் எல்லையைத் தாண்டும். 16 அங்குல முரசோ பெட்டியோடும் எல்லைக்குள் அடங்கும்.

ஒன்றினுள் ஒன்றை வைக்கும் உபாயமும் உண்டு. அடுக்குப் பாத்திரங்களைப் போல, சிறிய முரசு நடுத்தர முரசினுள்ளும், அது பெருமுரசினுள்ளும் புகுந்துவிடும். இதற்கு முரசின் ஒரு முகத்தை ஒவ்வொரு முறையும் கழற்றவேண்டும். அல்லது அடித்தோல் இல்லாத முரசுகளைக் கையாளவேண்டும். முன்னதில் நேரம் போகும். பின்னதில் ஒலியின் கார்வை குறையும். முன்னதைத் தெரிந்தெடுப்போர் 1957ஆம் ஆண்டை நன்றியோடு நினைக்கவேண்டும். அவ்வாண்டில் றீமோ பெல்லி என்பவர் கலிபோர்னியாவிலே பிளாஸ்டிக் தோல்களைச் செய்து விற்கத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டில் சிக் எவன்ஸ் என்பவரும் இம்முயற்சியில் ஈடுபட்டிருந்தார். அதுவரை கன்றுத்தோலே வழக்கில் இருந்தது. ஈரக்காற்றில் தளர்ந்து வெயிலில் இறுகும் அத்தோலை அடிக்கடி கழற்றிப் பூட்டுவது எளிதன்று. பிளாஸ்டிக் தோல் கழற்றினாலும் உருக்குலையாது.

நின்றவாறே வாசிக்கும் கொக்ரெயில் டிரம் என்பது இன்னொரு வகை. உயர்ந்த ஒரே முரசு. மேல்முகத்தைக் கைகளால் அடிக்க, கீழ்முகத்தை மிதியொன்று அடியிலிருந்து மேல்நோக்கி அடிக்கும். மதுவிடுதிகளின் ஒரு மூலையில் நின்று பாடிக்கொண்டே வாசிப்பதற்கு 1940களிலும் 1950களிலும் இது பெரிதும் உதவிற்று. பெரு நாட்டு ஆபிரிக்க வம்சத்தவரின் கஹோன் என்னும் மரப்பெட்டி இதனையும் விஞ்சியது. வாசிப்பவர் அதன்மேலேயே அமர்ந்து கையால் தட்டுகின்றார். ஆசனமும் முரசும் ஒன்றாயின! மின்னியல் டிரம் மடித்து எடுத்துச் செல்லக்கூடியதே. ஆனால் அதற்கு ஒலிபெருக்கியொன்றும் வேண்டும். அதையும் யாரேனும் சுமந்தேயாகவேண்டும்.

இவ்வளவு முயற்சிகளுக்கும் ஒரு திரட்டாக விளங்குவது, றூற்ஸ் குழுவின் கலைஞர் குவெஸ்ற்லவ் அவர்களின் ஆலோசனையோடு லுட்விக் நிறுவனம் 2013இல் வெளியிட்ட பிறேக்பீற்ஸ் என்னும் தொகுதி. அதன் பெருமுரசு 16 அங்குலம், டொம் டொம்கள் 13, 10 அங்குலம், ஸ்னெயர் 14 அங்குலம். சிறிய முரசைத் தரையில் வைத்தால் மிதியின் அடிகோல் முகத்தின் நடுவிற் படாது, மேல்விளிம்பை அண்மித்தே படும். ஆகவே முரசைச் சிறிது உயர்த்தும் பீடமொன்றை அதனுடன் சேர்த்துள்ளனர். உறைப்பைகளும் வீண்போகவில்லை. வாசிக்கும்போது அவற்றை முரசின்மேற் போர்த்தினால் ஒலி அடங்கும்; அடுக்குமாடி வீட்டிற் பயிற்சி செய்வோரின் அயலவர்க்கு அது பேருதவி.

பொதிகளைக் கட்டும் ஒழுங்கிலும் கவனம் வேண்டும். மேடையில் முதலில் விரிக்கப்படுவது கம்பளம். ஆதலால் வண்டியில் அது கடைசியாக ஏறவேண்டும். அக்கம்பளத்திலே ஒவ்வொரு காலும் நிற்கும் இடத்தை நாடாத்துண்டுகளால் அடையாளமிட்டு, தாங்கியின் குழாய்களில் உயரத்தைக் காட்டும் வளையப் பூட்டுகளையும் மாட்டிவிட்டால், அரை மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தட்டுகளைத் தனிப்பையிலிட்டு, ஒவ்வொன்றிற்கும் இடையே துணி வைக்கவேண்டும். வெண்கலம் விளிம்பில் அடிபட்டால் வெடித்துவிடும். அடிகோல்கள், திருகுசாவி, மேலதிகமாக இரண்டு சிறகாணிகள், தட்டின் நடுவிலிடும் கம்பளித் துண்டுகள் ஆகியன அடங்கிய சிறுபை வண்டியில் ஏறுவதில்லை. அதனைக் கலைஞர் தம் தோளிலேயே கொண்டுசெல்வர்.